சுவரில்தான் சரக்கு இருக்கிறது: மனித ஸ்டெம் செல் இதய–நரம்புத் தொகுப்பு ஒன்றின் மதிப்பீடு

எவ்வகைச் செல்லாகவும் வளரக்கூடிய மனித ஸ்டெம் செல்லிலிருந்து ஆக்கிய இதயத்தசைச் செல்கள் ஒரு குப்பி, அதே வழியில் ஆக்கிய, இதயத்தை முடுக்கும் பரிவு நரம்புச் செல்கள் ஒரு குப்பி, இரண்டையும் அக்கம்பக்கமாக வளர்ப்பதற்கான ஈரறைச் சிப்புகள் ஆறு, செல்லுக்கு உணவாகும் திரவமான மீடியம் இரண்டு வகை, செல்கள் ஒட்டிக்கொள்ளத் தரைப்பூச்சாக லேமினின் புரதம், நரம்பு வளர்ச்சிக் காரணி சிறிதளவு, கையேடு ஒன்று: இவ்வளவும் சேர்ந்ததுதான் எங்கள் ஆய்வகத்தில் எட்டு மாதங்களாகப் புழங்கிவரும் தொகுப்பு. தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். ஒருவரைப் புகழவோ பழிக்கவோ இதை எழுதவில்லை. இந்த வகைத் தொகுப்பை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஆய்வகத்தாருக்கு, பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். அந்தத் தூரம் முதல் வரியிலேயே தொடங்கிவிடுகிறது. ‘மூளையும் இதயமும் ஒரே சிப்பில்’ என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே மூளை இல்லை. கழுத்திலும் மார்பிலும் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகளிலிருந்து இதயத்துக்கு வரும் பரிவு நரம்பின் கடைசிக் கண்ணி மட்டுமே இருக்கிறது.

அந்தக் கடைசிக் கண்ணிக்கே ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். இதயம் நரம்பின் தயவில்லாமலும் துடிக்கும். துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வில் நாடி பிடித்தால் நமக்கு 70 என்று கிடைப்பது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு ஓயாமல் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பதால்தான். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களின் நாடி சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் 90, 100 என்று ஓடுவதற்கு, அறுவையில் அந்த நரம்புகள் அறுபட்டுப் போவதே காரணம். 1921இல் ஓட்டோ லோவி என்னும் மருந்தியலாளர் ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயத்திலிருந்து எடுத்த திரவத்தை வேறொரு தவளையின் இதயத்துக்குக் கொடுத்தபோது இரண்டாவது இதயமும் மெதுவானது. நரம்பு இதயத்தோடு வேதிப்பொருளால் பேசுகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. வேகத்தைக் குறைக்கும் அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். வேகத்தையும் விசையையும் கூட்டப் பரிவு நரம்பு உமிழ்வது நார்அட்ரினலின்.

தட்டில் தனியாக வளரும் மனித இதயத்தசைச் செல்லுக்கு இந்தப் பேச்சு எதுவும் கேட்பதில்லை. ஆனால் இதயநோய்களில் பல அந்தப் பேச்சில்தான் ஆபத்தாகின்றன. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்னளவில் மீள அதிக நேரம் எடுக்கும் மரபுநோய் நீள் க்யூடி நோய்க்குறி. அதன் முதல் வகைக்காரருக்கு ஓடும்போதோ நீந்தும்போதோ ஆபத்து. இரண்டாம் வகைக்காரருக்குத் திடீரென்று ஒலிக்கும் கடிகார மணியே போதும். மூன்றாம் வகைக்காரருக்குத் தூக்கத்தில். மூவரின் இதயச் செல்லையும் நரம்பில்லாத தட்டில் வளர்த்துவிட்டு நோயைப் படித்தோம் என்பது, தீப்பெட்டி இல்லாமல் வெடியைச் சோதித்த கதை. எலியை நாடலாம் என்றால், அதன் இதயம் நிமிடத்துக்கு 500, 600 என்று துடிப்பது. அந்த வேகத்துக்கேற்ற மின்னோட்டங்கள் நம்முடையவை போல இருப்பதில்லை. நார்அட்ரினலினைப் போல இதயத்தை முடுக்கும் ஐசோபுரோட்டிரினால் மருந்தைத் தட்டில் ஊற்றியும் பார்க்கலாம், பலரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அது ஊரையே வெள்ளத்தில் மூழ்கடிப்பது. நரம்பு செய்வதோ வாய்க்கால் வெட்டிப் பாத்தி பாத்தியாக நீர் பாய்ச்சுவது.

தொகுப்பின் செல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் அவற்றை ஆக்கும் முறை இன்று பொதுச்சொத்து. ஷின்யா யமனாகா 2006இல் எலியின் செல்லையும் 2007இல் மனிதரின் தோல் செல்லையும் நான்கு மரபணுக்களைக் கொண்டு பல்திறன் குருத்தணு (ஸ்டெம் செல்) நிலைக்குத் திருப்பிக் காட்டினார். விண்ட் என்னும் சமிக்ஞையை முதலில் ஏற்றிப் பின்னர் அடக்கினால் அந்தக் குருத்தணுக்கள் இரண்டு வாரத்துக்குள் துடிக்கும் இதயத்தசையாகின்றன. குளுக்கோஸை நிறுத்தி லாக்டேட்டை மட்டும் கொடுத்தால் இதயத்தசை பிழைக்கும், மற்றவை பட்டினியில் ஒழியும். நரம்புக்கு வழி சற்று நீளம்: நரம்பு முகடு என்னும் கருநிலையைத் தாண்டி வர வேண்டும், பாக்ஸ்2பி என்னும் மரபணு விழித்திருக்க வேண்டும், நார்அட்ரினலினை ஆக்குவதற்கான டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதி செல்லுக்குள் தென்பட வேண்டும். இதைச் சொந்தமாகச் செய்ய வாரக்கணக்கில் ஆகும். செய்தும் பாதி முறை வேறு நரம்புகள் கலந்துவிடும். அந்த வாரங்களை மிச்சப்படுத்துகிறது என்ற அளவில் தொகுப்பு சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறது. நாங்கள் சாயமேற்றிப் பார்த்த எல்லாப் பேட்ச்களிலும் நரம்புச் செல்களில் பெரும்பாலானவை அந்த நொதியோடு ஒளிர்ந்தன.

உறைநிலையிலிருந்து எழுப்பும் நாள்தான் முதல் சோதனை. திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்த குப்பியை 37 டிகிரி வெந்நீரில் மெல்ல ஆட்டி, உள்ளே மிளகளவு பனிக்கட்டி மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்து, மீடியத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே வீச்சில் ஊற்றினால் உறைகாப்புக்காகச் சேர்த்திருக்கும் கரைப்பான் திடீரென்று நீர்த்துச் செல்கள் ஊதி வெடிக்கும். இதயச் செல்கள் இதையெல்லாம் தாங்கிக்கொண்டன. நான்காம் நாள் காலையில் நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது ஓரத்தில் ஒரு திட்டு துடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் அறை முழுவதும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது, மதிப்பீட்டில் இதற்கு மதிப்பெண் கொடுக்கக் கூடாது என்றாலும்.

நரம்புச் செல்கள் அப்படியில்லை. மறுநாளே மீடியத்தை முழுவதுமாக மாற்றும்படி கையேடு சொல்கிறது, சொன்னபடியே செய்தோம். மூன்றாம் நாள் பார்த்தால் செல்கள் தரையை விட்டுப் பெயர்ந்து, தம் இழைகளாலேயே தம்மை இழுத்துச் சுருட்டிக்கொண்டு, கொத்துக் கொத்தாகத் திரண்டு மிதந்தன. முதல் இரண்டு சிப்புகள் இப்படிப் போயின. அதன்பின் பாதியளவு மட்டும், அதுவும் பிப்பெட்டின் முனையை எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்து, விரல் நடுங்காமல் மாற்றத் தொடங்கியதும் செல்கள் ஒட்டிக்கொண்டன. நரம்புச் செல் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் இதயச் செல் மட்டும் வளர்த்துப் பழகியவர்களை நம்பி விற்கும் ஒரு தொகுப்பின் கையேட்டில் அது தடித்த எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

இனிச் சுவருக்கு வருகிறேன், ஏனென்றால் கொடுத்த காசு அங்கேதான் இருக்கிறது. இரண்டு அறைகளுக்கும் நடுவே சிலிக்கோன் ரப்பர் சுவர். அதன் அடியில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், சில மைக்ரோமீட்டர் மட்டுமே உயரமுள்ள பள்ளங்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக ஓடுகின்றன. நரம்புச் செல்லின் உடல் அவற்றில் நுழையாது. அதன் இழை நுழையும். இந்த யோசனைக்கு வயது அதிகம். ராபர்ட் கேம்பனாட் 1977இலேயே பரிவு நரம்புகளைத் தடுப்புக்கு ஒருபுறம் வளர்த்து, நரம்பு வளர்ச்சிக் காரணி எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறைக்குள் மட்டும் இழைகள் நீள்வதைக் காட்டினார். 2005 வாக்கில் அதே அறைகள் நுண்பள்ளங்களோடு அச்சில் வார்க்கும் சிப்பாக மாறின. தொகுப்பின் சிப் அந்த வம்சத்தைச் சேர்ந்தது, நன்றாகவும் வார்க்கப்பட்டிருக்கிறது: இதுவரை நாங்கள் திறந்த சிப்புகளில் பள்ளம் அடைத்தது இரண்டே இரண்டு.

இங்கே கையேட்டோடு எனக்கு ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. நரம்பு வளர்ச்சிக் காரணியை இரண்டு அறைகளிலும் சம அளவில் இடச் சொல்கிறார்கள். செல் சாகாது, உண்மை. ஆனால் இழைக்கு இதயத்தின் பக்கம் போக வேண்டிய காரணமே இல்லாமல் போய்விடுகிறது. அது பிறந்த அறையிலேயே சுற்றிச் சுற்றி வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. நாங்கள் முதல் மூன்று நாட்களுக்குப் பின் நரம்பறையில் அளவைப் படிப்படியாகக் குறைத்து, இதய அறையில் மட்டும் வைத்தோம். ஒன்பதாம் நாள் முதல் இழை பள்ளத்தின் மறுவாயில் தலைநீட்டியது. இரண்டு வாரத்தில் துடிக்கும் செல்களின்மேல் மணிமணியான புடைப்புகளோடு இழைகள் படர்ந்திருந்தன. இதயத்தசை தானே அந்தக் காரணியைச் சுரப்பது என்பதையும், 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதயத்தசையோடு இணைந்து வளர்ந்த பரிவு நரம்புகள் மேலும் முதிர்ச்சி அடைவதைக் காட்டியதையும் சேர்த்துப் பார்த்தால், தொகுப்பை எழுதியவர்கள் தம் கையிலிருக்கும் பொருளின் மிகச் சுவையான குணத்தை மீடியத்தில் கரைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. இதயம் வெறுமே கேட்டுக்கொண்டிருப்பதில்லை. நரம்பை அழைப்பதும் வளர்ப்பதும் அதுவே.

சுவரின் அருமை சோதனை நாளில் தெரியும். பரிவு நரம்பின்மேல் நிக்கோட்டின் ஏற்பிகள் உண்டு. நரம்பறையில் நிக்கோட்டின் விட்டால் நரம்பு சுடும், அதாவது இழை வழியே மின்துடிப்பு ஓடும், நுனியில் நார்அட்ரினலின் உதிரும், இதயச் செல்லின் பீட்டா ஏற்பி அதைப் பிடிக்கும், துடிப்பு வேகமெடுக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. முதல் நாள் எங்களுக்கு நேர்ந்ததோ நேர்மாறு: நிக்கோட்டின் விட்டதும் துடிப்பு குறைந்தது. ஒரு முழு மாலை அதற்கு விளக்கம் தேடினோம். ஒருவர் ஒரு கோட்பாடே எழுதிவிட்டார். பிறகுதான் வெறும் மீடியத்தை விட்டுப் பார்த்தோம், அதற்கும் குறைந்தது. சிப்பை இன்குபேட்டரிலிருந்து எடுத்து மூடியைத் திறந்ததில் சூடு இறங்கியதைத்தான் இவ்வளவு நேரம் அளந்திருக்கிறோம். நுண்ணோக்கியின் மேடையைச் சூடாக்கி, விடும் துளியையும் 37 டிகிரியில் வைத்து, கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி செய்தபோது நிமிடத்துக்கு 44 ஆக இருந்த துடிப்பு 58க்கு ஏறியது.

ஏறியது என்பதால் நரம்பு பேசிவிட்டது என்று ஆகாது. பேசியது நரம்புதானா என்பதை நிரூபிக்கத்தான் சுவர். நிக்கோட்டின் பள்ளத்தின் வழியே கசிந்து இதயத்தை நேரே தொட்டிருக்கலாம் அல்லவா? அதற்கு இதய அறையில் திரவ மட்டத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும். நீரோட்டம் இதயத்திலிருந்து நரம்பின் பக்கமாகவே கசியும், எதிர்த்திசையில் மருந்து ஏற முடியாது. அடுத்து, நரம்பில்லாத சிப் ஒன்றில் அதே நிக்கோட்டினை இதய அறையிலேயே விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு மட்டத்தைத் திருப்பி வைத்து இதயத்தின் பக்கம், பீட்டா ஏற்பியை அடைக்கும் புரோப்ரானலால் மருந்தை விட்டால் ஏற்றம் மறைய வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது சோதனை: நரம்பறையில் நானோமோலார் அளவு டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சு. நரம்பின் சோடியம் வாயில்களை அடைக்க அந்த அளவே போதும், இதயத்தின் சோடியம் வாயிலை அடைக்க அதைவிடப் பன்மடங்கான மைக்ரோமோலார் அளவு வேண்டும். ஆகவே தப்பித்தவறி நஞ்சு கசிந்தாலும் இதயம் தன் போக்கில் துடிக்கும், இழை மட்டும் ஊமையாகும். நான்கிலும் எங்கள் சிப்புகள் தேறின. இரண்டு வகைச் செல்லையும் ஒரே தட்டில் கலந்து வளர்த்திருந்தால் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்டிருக்க முடியாது. ஆனால் கையேட்டில் இந்த நான்கில் ஒன்றுதான் இருக்கிறது, அது புரோப்ரானலால். திரவ மட்டத்தைப் பற்றிய ஒரே குறிப்பு பின்னிணைப்பில், பொடி எழுத்தில்.

புரோப்ரானலால் என்றதும் சிலிக்கோன் ரப்பரின் வேண்டாத குணம் நினைவுக்கு வருகிறது. கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகளை அந்த ரப்பர் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு மெல்லத் திருப்பியும் தரும். புரோப்ரானலால் அந்த வகை. ஒரு முறை மருந்திட்டுக் கழுவிய சிப்பில் இரண்டு நாள் கழித்தும் நிக்கோட்டினுக்கு ஏற்றம் அரைகுறையாகவே இருந்தது. சுவருக்குள் ஒளிந்திருந்த மருந்து திரும்பி வந்திருக்கிறது என்பது என் ஊகம். பீட்டா தடுப்பான் தொட்ட சிப்பை மறுபடி பயன்படுத்தாதீர்கள். மருந்தின் அளவுக்கும் விளைவுக்கும் வரைபடம் போட நினைப்பவர்கள், நாம் இட்ட அளவும் செல் கண்ட அளவும் ஒன்றல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இதைவிட ஆழமான ஒரு குறை செல்லிலேயே இருக்கிறது. நாம் எண்ணுவது தானாகத் துடிக்கும் வேகத்தை. முதிர்ந்த மனிதரின் கீழறைத் தசைச் செல் தானாகத் துடிப்பதே இல்லை. உத்தரவு வரும்வரை அமைதியாக இருப்பதற்கான பொட்டாசியம் மின்னோட்டம் அதற்கு வலுவாக உண்டு. ஸ்டெம் செல்லிலிருந்து வந்த செல்லுக்கு அந்த மின்னோட்டம் மெலிவு, கால்சியத்தை உள்ளே சமமாகப் பரப்பும் குழாய்கள் சரியாக உருவாகவில்லை, கொழுப்பமிலத்தைவிடக் குளுக்கோஸையே அதிகம் எரிக்கிறது. சுருங்கச் சொன்னால் கருவின் செல். ஆக, இந்தத் தொகுப்பு எதை வைத்து நரம்பின் பேச்சை அளக்கிறதோ, அந்தத் தானியங்கித் துடிப்பே பிஞ்சு நிலையின் அடையாளம். கீழறைத் தசையில் பரிவு நரம்பின் உண்மையான வேலை சுருக்கத்தின் விசையைக் கூட்டுவதும், பாஸ்போலாம்பன் என்னும் பிரேக்கைத் தளர்த்திச் சுருங்கிய தசையை விரைவில் விரியவைப்பதும். நாங்கள் இப்போது மின்முனையால் ஒரே வேகத்தில் துடிக்கவைத்து, கால்சிய ஒளிச்சாயத்தின் மங்கும் நேரத்தை அளக்கிறோம். நரம்பு சுடும்போது அந்த நேரம் குறுகுவது தெரிகிறது. இது தொகுப்பின் அளவீட்டு முறையில் இல்லாத ஒன்று, ஆனால் எண்ணிக்கையைவிட நம்பத்தகுந்தது.

கூடவே வரும் மென்பொருளைப் பற்றி ஒரே வரி: மின்முனைப் பதிவில் சற்று உயரமான இறுதியலை இருந்தால் ஒரு துடிப்பை இரண்டாக எண்ணுகிறது, ஆகையால் முதல் பத்து நிமிடத்தை விரல்விட்டு எண்ணிச் சரிபாருங்கள்.

இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். எதிர்ப்பரிவு நரம்பு இல்லை. கடிவாளத்தை இழுக்கும் கை இல்லாமல் சவுக்கு மட்டும் இருக்கிறது. இதயத்திலிருந்து மேலே சேதி கொண்டுபோகும் உணர்வு நரம்பு இல்லை. அதனால் இரத்த அழுத்தம் ஏறியதும் துடிப்பு தானே இறங்குவது போன்ற எந்த அனிச்சைச் சுற்றையும் இதில் காண முடியாது. தண்டுவடத்திலிருந்து முடிச்சுக்கு வரும் நரம்பும் இல்லை, அந்த இடத்தைத்தான் நம் நிக்கோட்டின் துளி நிரப்புகிறது. ‘மன அழுத்தம் இதயத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதை அறிய’ என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதை, இவ்வளவும் இல்லாத ஒரு சிப்பை வைத்துக்கொண்டு எழுதியிருக்கக் கூடாது.

சேவை பரவாயில்லை. ஒரு முறை வழியில் வெப்பநிலைப் பதிவி எகிறியிருந்தது; படத்தை அனுப்பியதும் மறுகேள்வியின்றி வேறு குப்பிகள் வந்தன. தொழில்நுட்ப உதவிக்கு எழுதினால் முதல் பதில் கையேட்டின் பக்க எண்ணாகத்தான் இருக்கும். இரண்டாவது மடலுக்கு, தாமே செல் வளர்த்துப் பார்த்த ஒருவர் எழுதுகிறார். ஆனால் தரச்சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் இதயச் செல் ஒரு கொடையாளருடையது, நரம்புச் செல் வேறொருவருடையது என்று தெரிந்தது. பெட்டியில் அது இல்லை. மருந்துகளைச் சலித்துப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. மரபணு நோயைப் படிப்பவர்களுக்கு இதுவே முழு விஷயம்.

ஏனெனில் ஈரறைச் சிப்பின் பெரிய வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. நீள் க்யூடி முதல் வகை உள்ளவரின் இதயத்தையும் நலமான நரம்பையும் ஒரு சிப்பிலும், நலமான இதயத்தையும் அவருடைய நரம்பையும் இன்னொரு சிப்பிலும் வைத்துப் பார்க்கலாம். பழுதான ஒரே எழுத்தை மரபணுத் திருத்தத்தால் சரிசெய்த அதே நபரின் செல்லை ஒப்பீட்டுக்கு வைக்கலாம். நோய் எந்த அறையில் குடியிருக்கிறது என்று கேட்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது. அந்த நோயுள்ளோரின் செல்லிலிருந்து ஆக்கிய பரிவு நரம்புகளே மிகையாகச் சுடுகின்றன என்று 2021இல் வெளியான ஆய்வைப் படித்தபின் இந்தக் கேள்வி எங்களை விடவில்லை. இதயநோய் என்று பெயர் வைத்துவிட்டதால் இத்தனை நாள் ஓர் அறையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனவே பரிவு நரம்பு வழியாக வேலை செய்யும் மருந்தை மனிதச் செல்லில் சோதிக்க விரும்புகிறவர்களும், நரம்பு வளர்ப்பை முதன்முதலில் கற்றுக்கொள்கிறவர்களும் இதை வாங்கலாம். கையேட்டின் மீடிய மாற்ற அட்டவணையையும் நரம்பு வளர்ச்சிக் காரணிப் பக்கத்தையும் அடித்துவிட்டுத் தொடங்குங்கள். சொந்தமாக நோயாளிகளின் ஸ்டெம் செல் வரிசை வைத்திருப்பவர்களுக்கு இதிலுள்ள இரண்டு குப்பிகளும் தேவையில்லை, சிப் மட்டும் போதும். வெறும் சிப்பைத் தனியே விற்பீர்களா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். விற்பனைப் பட்டியலில் அப்படி ஒரு பொருள் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அவர்களிடம் இரண்டாவது மடலுக்குத்தான் மதிப்பு என்பதால், நேற்று மறுபடி எழுதியிருக்கிறேன்.